கட்டைவிரலும் ஜாக்கியும்

சைக்கிள் டயரைக் கழற்றி மாட்டுவதற்கென்றே நான் காசு கொடுத்து வாங்கியவற்றை ஒரு தாம்பாளத்தில் கொட்டினால் பல் டாக்டரின் மேசை மாதிரி இருக்கும். நீலத்தில் ஒரு ஜோடி நைலான் லீவர், மஞ்சளில் ஒரு ஜோடி, உள்ளே எஃகுக் கம்பி வைத்து வெளியே பிளாஸ்டிக் பூசிய கறுப்பு லீவர், டயரின் விளிம்பைக் கொக்கி போட்டுத் தூக்கும் ஜாக்கி, கோணலாக உட்கார்ந்த டயரை இழுத்து நேராக்கும் நீண்ட இடுக்கி, வால்வின் உள்ளுறுப்பைத் திருகி எடுக்கும் சின்னச் சாவி, பித்தளையில் ஒரு அடாப்டர். இதையெல்லாம் பார்த்தால் என் மாமா என்ன கேட்பார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "ஏன் மருமவனே, ஒனக்குக் கை இல்லையா?"

அவருக்குப் பரமக்குடியில் சைக்கிள் கடை. முதுகுளத்தூர் போகும் சாலையில் தகரக் கொட்டகை. எண்பதுகளின் தொடக்கத்தில் கோடை விடுமுறை என்றால் எனக்கு அந்தக் கொட்டகைதான். வாடகைக்கு விடும் வண்டிகளின் மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதியிருக்கும். யார் எந்த எண்ணை எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்று நோட்டில் குறிப்பது என் வேலை. சம்பளம், கடை மூடிய பிறகு சின்ன வண்டி ஒன்றைக் குரங்குப் பெடல் போட்டு ஓட்டிக்கொள்ளலாம் என்ற அனுமதி.

ஆனால் வாடகை வண்டியில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. கடையை ஓட்டியது பஞ்சர்தான், பஞ்சரைக் கொடுத்தது வேலிக்கருவை. விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் அந்த மரத்தை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் ராமநாதபுரம் சீமையில் ஏராளம். கேரியரில் ஆள் உயரத்துக்கு விறகு கட்டி மிதித்து வருவார்கள். சுமந்து வரும் மரத்தின் முள்ளே டயரில் ஏறியிருக்கும். அந்த முள்ளுக்கு ஒரு குணம் உண்டு. உள்ளே போனதும் முனை ஒடிந்து டயர் ரப்பருக்குள்ளேயே தங்கிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. டியூபை மட்டும் ஒட்டி அனுப்பினால் ஒரு மைல் தாண்டுவதற்குள் அதே இடத்தில் மறுபடி குத்தும்.

மாமா பஞ்சர் ஒட்டும்போது சக்கரத்தைக் கழற்றவே மாட்டார். வண்டியைச் சாய்த்துப் போட்டு வால்வு மூடியைத் திருகி, வால்டியூப் மாட்டிய ஊசியை உருவி வாயில் கவ்விக்கொள்வார். பிறகு ரிம்மைச் சுற்றி இரண்டு உள்ளங்கையாலும் டயரின் இடுப்பைப் பிசைந்துகொண்டே வருவார். சப்பாத்திக்கு மாவு பிசைகிற அவசரமே இல்லாத வேலை அது. கடைசியில்தான் இரும்புப் பட்டையை எடுப்பார். கட்டைவிரல் அகலம், ஒரு சாண் நீளம், ஒரு முனையைத் தட்டி வளைத்து, அரத்தால் வழவழவென்று ராவியது. அதை ஒரே ஒரு இடத்தில் நுழைத்து நெம்புவார். டயர் விளிம்பு ரிம்முக்கு வெளியே எட்டிப் பார்த்ததும் பட்டையைக் கீழே போட்டுவிட்டு, மீதியை விரலாலேயே உருவிவிடுவார். டியூபை வெளியே இழுத்துக் காற்றடித்து, தண்ணீர்ச் சட்டியில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தில் காப்பிங் பென்சிலால் வட்டம் போட்டு, அரத்தால் சுரண்டி, சொல்யூஷன் தடவி, பழைய டியூபில் வெட்டிய துண்டை ஒட்டிச் சுத்தியலால் நாலு தட்டு. இதையெல்லாம் நானே செய்வேன். முள் தேடுவதை மட்டும் அவர் யாருக்கும் விடமாட்டார். டயருக்குள் விரல்களை விட்டு, கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு, மெதுவாகத் தடவி வருவார். நெருடும் இடத்தில் நின்று, இடுக்கியால் முனையைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைப்பார்.

மாட்டும்போது இரும்பைத் தொடவே கூடாது என்பது கடையின் சட்டம். கழற்றும்போது டியூபில் காற்று இருக்காது, கீழே கிடக்கும். மாட்டும்போது விளிம்புக்குப் பக்கத்திலேயே இருக்கும், பட்டை அதைக் கடித்துவிடும். "எறக்க இரும்பு, ஏத்த வெரலு" என்பார். இறங்க மறுக்கும் டயரோடு நான் மல்லுக்கட்டினால், சக்கரத்தின் எதிர்ப்பக்கத்தைக் காலால் காட்டுவார். "அங்கிட்டுக் குழியில எறக்கு. இங்கிட்டுத் தானா வரும்."

அந்தக் குழிதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. சைக்கிள் ரிம்மின் உட்புறத்தைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் இரண்டு ஓரமும் மேடாக, நடுவில் பள்ளமாக இருக்கும். டயரின் விளிம்பில் ஓடும் கம்பி நீளாது. நீளக் கூடாது, நீண்டால் காற்றடித்ததும் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். நீளாத கம்பி வளையத்தை அதைவிடப் பெரிய ரிம் ஓரத்தைத் தாண்டி எப்படி வெளியே எடுப்பது? வளையத்தின் ஒரு பாதியை நடுப்பள்ளத்தில் இறக்கிவிட்டால் மறுபாதிக்கு இடம் கிடைக்கும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பள்ளம் 4 மில்லிமீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். அரைச் சுற்றளவு முழுக்கக் கம்பி அந்த ஆழத்துக்கு இறங்கினால் எதிர்ப்பக்கத்தில் 12 மில்லிமீட்டருக்கு மேல் தளர்வு சேரும். நம் கைக்கு வேண்டியது அவ்வளவுதான். அந்தத் தளர்வைச் சேகரிக்காமல் நெம்புகிறவர் எத்தனை விலை கொடுத்த லீவரை வைத்து நெம்பினாலும் இரும்புக் கம்பியை இழுத்து நீளமாக்கத்தான் பார்க்கிறார்.

மாமா இதை எங்கேயும் படித்ததில்லை. இதற்குக் காப்புரிமை வாங்கியவர் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் என்ற ஆங்கிலேயர், ஆண்டு 1890. அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1888இல், பெல்ஃபாஸ்ட்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்த காற்று டயருக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். டன்லப்பின் டயர் உலகத்தையே மாற்றியது உண்மைதான். ஆனால் அதைக் கழற்ற முடியாது. துணியும் பசையும் வைத்து ரிம்மோடு ஒட்டியது அது. 1889இல் பிரான்ஸில் க்ளெர்மோன் ஃபெரான் ஊரிலிருந்த மிஷெலின் சகோதரர்களின் பட்டறைக்கு அப்படி ஒரு வண்டி பஞ்சராகி வந்தது. பிரித்து ஒட்ட மூன்று மணி நேரம், பசை காய ஒரு ராத்திரி. எடுவார்ட் மிஷெலின் அதை ஓட்டிப் பார்த்தார், சற்று நேரத்தில் மறுபடி காற்று இறங்கியது. சொகுசைக் கண்டுபிடித்தாகிவிட்டது, அதைக் கழற்றும் வழியைத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். 1891இல் திருகாணி போட்டுக் கழற்றக்கூடிய டயரைக் கொண்டுவந்தார்கள். கால் மணி நேரத்தில் பஞ்சர் பார்க்கலாம். அந்த வருடம் முதல் முறையாக நடந்த பாரிஸ்-ப்ரெஸ்ட்-பாரிஸ் பந்தயத்தில், சுமார் 1200 கிலோமீட்டரை 71 மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்து ஓட்டி ஜெயித்த ஷார்ல் தெரோன் அந்த டயரில்தான் ஓட்டினார்.

அடுத்த வருடம் மிஷெலின்காரர்கள் பாரிஸிலிருந்து தங்கள் ஊருக்கு ஒரு பந்தயம் வைத்து, வழியில் ஆணியை இறைத்துவிட்டார்கள். தங்கள் டயர் எவ்வளவு சுலபமாகக் கழன்று மாட்டும் என்று எல்லோரும் பார்க்க வேண்டுமாம்! நம் நெடுஞ்சாலைகளில் பஞ்சர் கடைக்காரர்களே ஆணி போடுகிறார்கள் என்று புலம்புகிறோம். தொழில்முறையாக அதைச் செய்தவர்கள் ஐரோப்பாவின் முதலாளிகள்.

ஆனால் நிலைத்தது திருகாணி இல்லை. எந்தச் சாமானும் இல்லாமல் வெறும் கையால் கழற்றும்படி வெல்ச் யோசித்த கம்பி விளிம்பும் நடுப்பள்ளமும்தான். அந்தக் காப்புரிமையை டன்லப் நிறுவனம் வாங்கிக்கொண்டது. பின்னாளில் அம்பத்தூரில் ஒருபுறம் டி.ஐ. சைக்கிள்ஸ் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. வண்டிகளைச் செய்ய, அதே அம்பத்தூரில் டன்லப்பின் ஆலையில் டயர் உருவானது. அந்தக் கறுப்பு வண்டிகளின் 28 அங்குலச் சக்கரத்தில், கம்பி பிரேக்குக்கான எஃகு ரிம்மில், பள்ளம் தாராளமாக இருந்தது. டயரும் தொளதொளவென்று உட்காரும். மாமாவின் ஒற்றை இரும்புப் பட்டை போதும் என்றானதற்கு அவருடைய கைத்திறன் பாதிதான் காரணம். மீதிப் பாதி ரிம்முடையது. இதை அவரிடம் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.

நான் சென்னைக்கு வந்து, வேலை, வீட்டுக் கடன் எல்லாம் முடிந்து, நாற்பதைத் தாண்டி மறுபடி சைக்கிள் வாங்கியபோது ரிம் மாறிவிட்டிருந்தது. பழைய 28 அங்குல வண்டியில் டயர் விளிம்பு உட்காரும் விட்டம் 635 மில்லிமீட்டர். இப்போதைய 700சி சக்கரத்தில் 622. அளவு மாறியது பெரிய விஷயமில்லை. அலுமினியத்தில் செய்த ரிம், ஒல்லியான டயர், பழைய வண்டியைவிட இரண்டு மடங்கு காற்றழுத்தம், அதனால் விளிம்புக்கும் ரிம்முக்கும் இடையே விட்டுவைத்த இடைவெளி மிகச் சிறியது. டியூப்லெஸ் போடலாம் என்று செய்த ரிம்களில் கேட்கவே வேண்டாம். காற்று கசியாமல் இருக்க விளிம்பு உட்காரும் படியை இறுக்கமாக வைத்து, பள்ளத்தையும் குறுக்கிவிடுகிறார்கள். அதன் மேல் கடைக்காரர் தடியான ரிம் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றிக் கொடுத்தால், இருக்கிற பள்ளமும் மேடாகிவிடும்.

கண்ணாடிச் சில்லுக்குப் பயந்து, உள்ளே தடித்த காப்பு அடுக்கு வைத்த டயர் ஒன்றை வாங்கி வந்து வரவேற்பறையில் உட்கார்ந்து மாட்ட ஆரம்பித்தேன். முக்கால் வட்டம் சுலபமாக ஏறியது. மீதி ஒரு சாண் அகலம் ஏறவில்லை. இந்தப் பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் கழன்று வெளியே வந்தது. மனைவி தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "கடையில குடுத்தா என்ன?" என்றாள். கடையில் கொடுக்கலாம். மாமாவின் கொட்டகையில் வளர்ந்தவன் டயர் மாட்டக் கடைக்குப் போவதா? இந்த வீறாப்பிலிருந்துதான் என் தாம்பாளம் நிறைய ஆரம்பித்தது.

லீவரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதில்தான் என் கருத்து தெளிவாக இருக்கிறது. சைக்கிள் வைத்திருப்பவர் எல்லோரும் ஒரு ஜோடி நல்ல நைலான் லீவர் வாங்க வேண்டும். அலுமினிய ரிம்மை இரும்புப் பட்டை கீறிவிடும், கார்பன் ரிம் என்றால் பேசவே வேண்டாம். நல்ல லீவரின் முனை அகலமாகவும் மெல்லியதாகவும் இருக்கும். அகலம் இருந்தால் விசை ஒரே புள்ளியில் விழாது, மெல்லிசாக இருந்தால் டயருக்கும் ரிம்முக்கும் நடுவே நுழையும். இரண்டும் சேர்ந்து அமைவது கடினம், மெல்லிசாகச் செய்தால் வளையும், முறியும். வண்டியோடு இலவசமாக வரும் லீவர்கள் முறிவது இதனால்தான். சில நூறு ரூபாயில் கிடைக்கும் நல்ல ஜோடிக்கும் இலவச ஜோடிக்கும் உள்ள வித்தியாசம், மழையில் இருட்டில் பாலத்தடியில் நிற்கும்போதுதான் தெரியும். மூன்று லீவர் கட்டாகவும் விற்கிறார்கள். மூன்றாவதை நான் இதுவரை எடுத்ததில்லை.

எஃகு உள்ளே வைத்த லீவர் இன்னும் விலை. அதை வாங்கியவர்கள் அதன் வலிமையை நம்பி, பள்ளத்தை மறந்துவிடுகிறார்கள் என்பது என் சந்தேகம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாங்கள் போகும் ப்ரெவே ஓட்டங்களில் இதை நேரில் பார்த்திருக்கிறேன். ப்ரெவே என்பது பந்தயம் இல்லை. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தால் போதும், பின்னாலேயே உதவி வண்டி வரக்கூடாது. தெரோன் ஜெயித்த அதே பாரிஸ்-ப்ரெஸ்ட்-பாரிஸ் இப்போது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை இந்த முறையில்தான் நடக்கிறது. அதில் ஓட்டத் தகுதி பெறுவதற்காக உலகம் முழுக்க இப்படிச் சின்ன ஓட்டங்கள் நடக்கின்றன. லாரி டயர் வெடித்துச் சிதறும்போது அதற்குள்ளிருக்கும் எஃகு நார்கள் சாலையோரத்தில் கிடக்கும், சைக்கிள் ஓட்டுகிறவனின் இடமும் அந்த ஓரம்தான். ரோமம் போல மெல்லிய அந்தக் கம்பிதான் இப்போதைய வேலிக்கருவை முள். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத்தான் தெரியும்.

அப்படி ஒருமுறை மரக்காணத்துக்குச் சற்று முன்னால் எங்களோடு வந்த இளைஞன் ஒருவனுக்குப் பின்சக்கரம் போனது. மென்பொருள் நிறுவனத்தில் வேலை, வண்டியிலும் பையிலும் எல்லாமே உயர்ந்த ரகம். எஃகு லீவரை எடுத்து நாலு நெம்பு நெம்பி டயரைக் கழற்றி, புது டியூப் போட்டு, அதே லீவரால் நெம்பி ஏற்றினான். காற்றடித்தால் புஸ்ஸென்று போனது. டியூபில் லீவர் முனை கடித்த பிறை வடிவக் கிழிசல். இன்னொரு புது டியூப், அதற்கும் அதே கதி. அவனுக்கு வியர்வையும் கண்ணீரும் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. கூட வந்தவர் ஒருவர் தன் டியூபைக் கொடுக்கத் தயங்கியதை நான் பார்த்தேன், தப்பே சொல்ல மாட்டேன்.

சற்றுத் தள்ளி லாரிக்குப் பஞ்சர் ஒட்டும் கடை. கடைக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து சக்கரத்தைத் தொடையில் சாய்த்துக்கொண்டார். இப்படிப்பட்ட ரிம்மை அவர் அதிகம் பார்த்திருக்க வாய்ப்பில்லை. "என்னா சார், சைக்கிளா இது, செருப்பு மாதிரி லேசா இருக்கு" என்று எடை பார்த்தார். பிறகு டியூபில் ஒரு வாய்க் காற்று மட்டும் ஊதி உருட்டித் திரட்டி உள்ளே விட்டார். வால்வுக்கு நேர் எதிரில் ஆரம்பித்து இரண்டு கையாலும் விளிம்பை ஏற்றிக்கொண்டே வந்து, கடைசித் துண்டை வால்வு இருக்கும் இடத்தில் முடித்தார். அங்கே வந்ததும் வால்வை மேலே ஒரு தள்ளு. டியூபின் வால்வுக் கால் தடித்திருப்பதால் அந்த இடத்தில் விளிம்பு பள்ளத்தில் இறங்காது. அதனால் அங்கே ஆரம்பித்தால் கடைசியில் எதிர்ப்பக்கத்தில் மாட்டிக்கொள்வோம், அங்கே முடித்தால் மீதிச் சுற்று முழுக்கப் பள்ளத்தில் கிடக்கும். நாங்கள் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. தன் கடையில் அவர் கற்ற வித்தையும் மாமா சைக்கிளில் கற்ற வித்தையும் ஒரே குழிக்குள்தான் இருந்தன.

ஆனால் அவராலும் காற்றடிக்க முடியவில்லை. எங்கள் டியூபில் இருந்தது பிரெஸ்டா வால்வு. ஒல்லி, தலையில் ஒரு சின்னத் திருகு. அவருடைய கம்ப்ரசர் குழாய் கார், லாரி, மோட்டார் சைக்கிளுக்கான ஷ்ரேடர் வால்வுக்குத்தான் பொருந்தும். அப்போதுதான் என் பையிலிருந்த பித்தளை அடாப்டரை எடுத்தேன். பட்டாணி அளவில், பிரெஸ்டா தலையில் திருகி விட்டால் ஷ்ரேடர் ஆகிவிடும் சாமான். என் தாம்பாளத்திலேயே விலை குறைந்தது அதுதான். நம் ஊரில் எந்த நெடுஞ்சாலையிலும் சில கிலோமீட்டருக்கு ஒரு கம்ப்ரசர் இருக்கிறது. அந்த அத்தனை கம்ப்ரசர்களையும் நமக்குச் சொந்தமாக்கும் இந்தப் பட்டாணியை வாங்காமல், கையடக்க கார்பன் டை ஆக்ஸைடு குப்பியை வாங்கி வைத்துக்கொண்டு திரிகிறவர்களை எனக்குப் புரிவதேயில்லை. ஒன்று மட்டும் கவனம் வேண்டும். லாரிக்கான காற்று சைக்கிள் டியூபுக்குள் நொடியில் நிரம்பிவிடும். தொட்டுத் தொட்டு அடிக்கச் சொல்ல வேண்டும்.

இந்தக் கம்ப்ரசர்கள் இருக்கும்வரை, டியூப்லெஸ் டயரை ஒரே வீச்சில் உட்கார வைக்கும் விலை உயர்ந்த பம்புகளும் எனக்கு அநாவசியமாகவே படுகின்றன. டியூப்லெஸ் டயர் ரிம்மில் உட்கார, கசிவதைவிட வேகமாகக் காற்று உள்ளே பாய வேண்டும், அவ்வளவுதான். வால்வின் உள்ளுறுப்பைச் சாவியால் கழற்றிவிட்டு, விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, மூலைக்கடைக் கம்ப்ரசரில் வைத்தால் பட்டென்று சத்தத்தோடு உட்கார்ந்துவிடும். சாவிக்குக் கொடுத்த காசு தகும். நீண்ட இடுக்கி தகாது. அதை வாங்கிய நாளிலிருந்து சோப்புத் தண்ணீரும் இன்னும் கொஞ்சம் காற்றும் செய்யாத எதையும் அது செய்து நான் பார்க்கவில்லை. தினம் இருபது சக்கரம் பார்க்கும் கடைக்கு அது வேறு கணக்கு. அமெரிக்காவின் மினசோட்டாவில் 1963இல் தொடங்கிய பார்க் டூல் நிறுவனம் நீலப் பிடி போட்டுச் செய்யும் கருவிகள் எல்லாம் முதலில் பட்டறைக்காரர்களுக்காகப் பிறந்தவைதான். பட்டறைக்கு நேரம்தான் காசு. வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை டயர் மாட்டுகிறவனுக்கு நேரம் போனால் என்ன போயிற்று?

ஜாக்கியைப் பற்றி இவ்வளவு சுலபமாக முடிக்க முடியவில்லை.

கூல் ஸ்டாப் என்ற பிரேக் கட்டை நிறுவனம் விற்கும் அந்தச் சாமான் பிளாஸ்டிக்தான். ஒரு கைப்பிடி, அதில் கீல் போட்டு ஒரு கை. ஒரு முனையை ரிம்மின் மறு ஓரத்தில் ஊன்றி, கொக்கி முனையால் ஏறாமல் நிற்கும் டயர் விளிம்பைக் கவ்வி, கைப்பிடியை இழுத்தால் விளிம்பு ரிம் ஓரத்தைத் தாண்டி உள்ளே விழுந்துவிடும். டியூபை அது தொடுவதே இல்லை. லீவர் கீழிருந்து நெம்புவதால் கடிக்கிறது, இது மேலிருந்து தூக்குவதால் கடிப்பதில்லை. "ஏத்த வெரலு" என்ற மாமாவின் சட்டத்துக்கு உட்பட்ட கருவி என்றே சொல்லலாம். விரலின் வேலையைத்தான் செய்கிறது, நீளமான விரலாக.

அதை வாங்கும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது. பள்ளத்தின் கணக்கு தெரிந்தவனுக்கு இது எதற்கு? ஏறாத டயரை ஏற்றக் காசில்லாத வழிகள் எனக்குத் தெரியும். டயரை மொட்டை மாடியில் சித்திரை வெயிலில் கொஞ்ச நேரம் போட்டால் இளகும். தடித்த ரிம் டேப்பைப் பிடுங்கிவிட்டு மெல்லியதைச் சுற்றினால் பள்ளம் திரும்பக் கிடைக்கும். ஒரு பக்கம் தள்ளும்போது மறுபக்கம் கழலாமல் இருக்க, பழைய டியூபில் நீளமாக வெட்டிய வாரால் டயரையும் ரிம்மையும் சேர்த்து இறுக்கிக் கட்டிவிடலாம். மாமா கடையில் அந்த டியூப் வார் இல்லாத வேலையே கிடையாது. கேரியரில் சுமை கட்ட, உடைந்த ஸ்டாண்டைத் தூக்கிக் கட்ட, எங்களுக்கு உண்டிவில் செய்ய. மூன்றாவது கையாக அது இன்றும் வேலை செய்கிறது, அதற்கு விலையே இல்லை. இவையெல்லாம் போதும் என்று எழுதிவிட்டு நான் நிறுத்தியிருப்பேன், பெசன்ட் நகரில் எங்களோடு ஓட்டும் அக்காவைப் பார்க்காமல் இருந்திருந்தால்.

அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. கை மூட்டுகளில் வாதம், காலையில் எழுந்ததும் விரல் மடங்காது. மருத்துவர் நடக்கவும் மிதிக்கவும் சொல்லியிருக்கிறார். மிதிப்பதில் அவரைப் பிடிக்க எங்களில் பலரால் முடியாது. ஆனால் பஞ்சர் என்றால் நின்றுவிட வேண்டும், யாராவது வர வேண்டும். ஒருமுறை அவருக்குப் பள்ளத்தின் கணக்கை ஒரு வாத்தியாருக்கே வாத்தியாராக இருந்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "புரியுதுப்பா. அந்தப் பள்ளத்துல எறக்கறதுக்கே கட்டைவிரல்ல பலம் வேணுமே" என்றார். நான் சொல்லிவந்த வித்தை முழுவதும் நோவில்லாத ஒரு ஜோடிக் கட்டைவிரலின் மேல் நின்றது. மாமாவின் கட்டைவிரல் நகம் நாலணாக் காசு அகலம் இருக்கும். அதை யாரும் விலை போட்டு விற்பதில்லை, அதனால் கணக்கிலும் சேர்ப்பதில்லை.

அடுத்த வாரம் ஜாக்கியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்து, அவரே முன்சக்கரத்தைக் கழற்றி, டியூபை எடுத்து, திரும்பப் போட்டு, கடைசிச் சாணில் ஜாக்கியை வைத்து இழுத்தார். உள்ளே விழுந்தது. திரும்பக் கழற்றினார், திரும்ப மாட்டினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். "இதோட விலைக்கு இத்தனை பஞ்சர் ஒட்டலாம்னு கணக்குப் போடுவீங்க நீங்கள்லாம். எனக்கு மகாபலிபுரம் வரைக்கும் தனியாப் போயிட்டு வரணும். அதுக்கு என்ன வெலைன்னு சொல்லு" என்றார்.

அதற்குப் பிறகு டயர்ச் சாமான் வாங்கலாமா என்று யாராவது கேட்டால் முதலில் வண்டியின் ரிம்மைக் கேட்கிறேன், அடுத்ததாகக் கேட்பவரின் கையைப் பார்க்கிறேன். கறுப்பு வண்டி வைத்திருக்கும் பால்காரருக்கு ஒன்றும் வேண்டாம். மலை வண்டியின் அகல டயர் பெரும்பாலும் வெறும் கையிலேயே ஏறும். இறுக்கமான ரிம்மும் நோகும் விரலும் சேர்ந்த ஆளுக்கு ஜாக்கி விலை அதிகமே இல்லை. எனக்கே இப்போது வலது கட்டைவிரலின் அடிமூட்டு மழைக்காலத்தில் முணுமுணுக்கிறது.

ஜாக்கி அக்காவிடம்தான் இருக்கிறது. என் டயர் நாலைந்து முறை கழற்றி மாட்டியதில் தளர்ந்துவிட்டது, எல்லா டயரும் அப்படித்தான், அதனால் அவசரமும் இல்லை. போன மாதம் அதைக் கேட்கலாம் என்று அவர் வீட்டுக்குப் போனபோது, அவருடைய அடுக்ககத்தில் இன்னும் இரண்டு பெண்கள் சைக்கிள் வாங்கியிருப்பதாகச் சொன்னார். ஜாக்கி மூன்றாவது மாடிக்குப் போயிருக்கிறதாம். "அந்த நீள இடுக்கி ஒண்ணு வெச்சிருக்கியே, அது எப்படி?" என்று கேட்டார். ஒன்றுக்கும் உதவாது என்றேன். இருந்தாலும் கொண்டு வந்து கொடு, பார்க்கலாம் என்றார். கொடுத்துவிட்டேன், திருப்பித் தர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.